காவிரிக்கரையில் ஒரு பழங்காலக் கடல் தரை: தஞ்சையில் பிறந்த எம்.எஸ்.கிருஷ்ணன் காலத்தில் அவிழாத முடிச்சு என்ன?

தஞ்சாவூர் டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு வண்டல் தெரியும், களி தெரியும், ஆற்று மணல் தெரியும். கல் மட்டும் வெளியூர்ச் சரக்கு. வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் மேற்கிலிருந்து வண்டி ஏறி வந்தவைதான். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்குக்கூட அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்துதான் வந்தது. கிணறு தோண்டினாலும் மண்ணுக்குக் கீழே மறுபடி மண்தான்.

அப்படிப்பட்ட ஊரில் 1898 ஆகஸ்ட் 24-ம் தேதி பிறந்த ஒருவர், பின்னாளில் இந்தியா முழுவதற்குமான பாறைகளின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். ஆங்கிலேயர் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவராகவும் ஆனார். அவர் பெயர் மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். மகாராஜபுரம் என்றதும் இசை ரசிகர்களுக்கு விசுவநாத ஐயர்தான் ஞாபகத்துக்கு வருவார். நிலவியல் படித்தவர்களுக்கு இவர்.

ஆனா இந்தக் கதையில் ஒரு விசித்திரம் இருக்கு. கிருஷ்ணன் பிறந்த மண்ணுக்கு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிய அதே காவிரி, தஞ்சைக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், முசிறிப் பக்கம் மணமேடு என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அங்கே கிடக்கும் கறுப்புப் பாறைகள், ஒரு காலத்தில் ஆழ்கடலின் தரையாக இருந்தவை என்று இன்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிருஷ்ணன் உயிரோடு இருந்தவரை இப்படிச் சொல்ல யாருக்கும் வழியில்லை. ஏன்? ஒரு பாறையைப் பார்த்து, நீ எந்தத் தண்ணீரைக் குடித்தாய் என்று கேட்கும் வித்தை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

யார் இந்த கிருஷ்ணன்?

சென்னையில் நிலவியல் படித்துவிட்டு லண்டன் போனார். இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்து 1924-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்தது.

அந்தத் துறை அப்போது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் பின்னால் அடைந்த இடத்தின் எடை புரியும். 1851-ல் தாமஸ் ஓல்டாம் தொடங்கிய துறை அது. நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே என்று தேடுவதுதான் முதல் வேலை. பெரிய பதவிகள் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. 1880-ல் அதில் அதிகாரியாகச் சேர்ந்த வங்காளத்துக்காரர் பிரமதநாத் போஸ், 1903-ல் இயக்குநர் பதவி காலியானபோது மூப்பின்படி தனக்கு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. பணியில் அவரைவிடப் பத்து வருஷம் இளையவரான தாமஸ் ஹாலண்டுக்குப் போனது. போஸ் வேலையை விட்டு வெளியேறினார். மயூர்பஞ்சில் இரும்புத் தாது இருப்பதை டாடா நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தவர் இதே போஸ்தான். ஜம்ஷெட்பூர் அப்படித்தான் பிறந்தது.

ஹாலண்டும் சாதாரண ஆள் கிடையாது. சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரத்தில் கிடைக்கும் கருநீலக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர் வைத்தவர் அவர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லும் அதே வகைதான். அதனால் அந்தப் பெயர். திறமை இருந்தது, சரி. ஆனா மூத்தவரைத் தாண்டிப் பதவி கொடுத்தது திறமையை மட்டும் பார்த்துத்தானா என்ற கேள்வி அன்றைக்கே இருந்தது.

இந்தத் துறையில்தான் கிருஷ்ணன் 1924-ல் நுழைந்தார். பனிக்காலம் வந்தால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகணும். வெயில் ஏறியதும் கல்கத்தா திரும்பி, கொண்டுவந்த கற்களைச் சீவி, நுண்ணோக்கியில் பார்த்து, வரைபடம் போடணும். அதுதான் அந்தத் துறையின் வாழ்க்கை முறை. இன்றைய ஒடிசாவில் இருக்கும் கங்க்பூர் சமஸ்தானம் அவருடைய பெரிய களம். அதன் நிலவியலை எழுதி 1937-ல் தனி நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் ரூர்கேலா இரும்பாலை எழுந்த வட்டாரம் அது.

பர்மா கையில் இல்லாத வருஷத்தில் ஒரு புத்தகம்

அவரை நாடெங்கும் தெரியவைத்தது 1943-ல் வெளிவந்த இந்தியா, பர்மா நிலவியல் நூல். அது வெளியான நேரம் வேடிக்கையானது. பர்மா அப்போது ஜப்பான் வசம். இந்திய நிலவியலாளர் யாரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க முடியாது. அந்த வருஷத்தில் பர்மாவின் பாறைகளையும் சேர்த்து ஒருவர் புத்தகம் போடுகிறார்.

அதற்கு முன் மாணவர்களுக்கு டி.என்.வாடியா 1919-ல் எழுதிய நூல் இருந்தது. அதன் பக்கத்தில் கிருஷ்ணன் நூலும் வந்து உட்கார்ந்தது. பதிப்பு மேல் பதிப்பாகப் போனது. அவர் இறந்த பிறகும் அச்சானது. இந்தியாவில் நிலவியல் பட்டம் வாங்கிய இரண்டு மூன்று தலைமுறைக்கு அதுதான் பாடம். ஒவ்வொரு மாவட்டத்திலும் யாரோ ஒருவர் எப்போதோ பார்த்துக் குறித்துவைத்த விஷயத்தை, நூறு வருஷத்து அறிக்கைகளிலிருந்து பொறுக்கி, ஒரே வரிசையில் அடுக்கியது அவருடைய பெரிய உழைப்பு. புதுக் கண்டுபிடிப்பு என்று தலைப்புச் செய்தியில் வரும் வேலை இல்லை இது. ஆனா இது இல்லாமல் அடுத்தவர் எங்கே தோண்டுவது என்றே தெரியாது.

1951-ல் துறைக்கு நூறு வயது. அந்த வருஷம்தான் கிருஷ்ணன் இயக்குநர் ஆனார். போஸ் ஏமாற்றத்தோடு வெளியேறி ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1955 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இந்திய சுரங்கப் பணியகத்துக்கும் அவர் தலைவராக இருந்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. தன்பாத் சுரங்கக் கல்லூரி, ஆந்திரா பல்கலைக்கழகம் என்று போய், 1961-ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். சுருக்கமாக என்.ஜி.ஆர்.ஐ. இந்தப் பெயரை ஞாபகம் வைச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வரும்.

சொந்த மாகாணத்தில் அவர் பார்த்தது என்ன?

கிருஷ்ணன் இயக்குநரான அதே 1951-ல் சென்னை மாகாணத்தின் கனிம வளங்கள் பற்றி அவர் எழுதிய நூலும் வெளியானது. அதில் தவிர்க்க முடியாத ஒரு இடம் சேலம் சுண்ணாம்புக்கரடு.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள், நகரத்தைத் தாண்டும்போது இடது பக்கம் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் கரடுகளைப் பார்த்திருக்கலாம். பெயரில்தான் சுண்ணாம்பு. உண்மையில் அது மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். ஊர்க்காரர்கள் வெள்ளைக்கல் என்பார்கள். இரும்பு உருக்கும் உலைகளின் உள்சுவருக்கு வேண்டிய, சூட்டுக்கு அசராத செங்கல்லை இதிலிருந்துதான் செய்கிறார்கள்.

அந்த வெள்ளைக்கல் தனியாகக் கிடப்பதில்லை. கரும்பச்சைப் பாறை ஒன்றுக்குள் வலை பின்னியதுபோல் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அந்தக் கரும்பச்சைப் பாறை டியூனைட். அதில் பெரும்பகுதி ஆலிவின் என்ற கனிமம். பூமியின் மேலோட்டைத் துளைத்துக்கொண்டே போனால், கண்டங்களுக்கு அடியில் சுமார் 35, 40 கிலோமீட்டரிலும், கடலுக்கு அடியில் ஏறக்குறைய 7 கிலோமீட்டரிலும் வருகிற மேன்டில் என்ற அடுக்கு முழுக்க இந்த ஜாதிப் பாறைதான்.

1896-லேயே மிடில்மிஸ் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் சேலத்துப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் 1864-ல் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சி மாவட்டங்களை வரைபடமாக்கினார்கள். பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான். கிருஷ்ணனுக்கு இவை எல்லாமே மேசைமேல் இருந்தன. பாறை என்ன என்பது தெரியும். எங்கே, எவ்வளவு என்பது தெரியும். எந்தத் தண்ணீர் வந்து பச்சைப் பாறையை இப்படி வெள்ளையாக்கியது என்பதுதான் தெரியாது. பூமியின் ஆழத்திலிருந்து ஏறி வந்த நீரா? மேலே பெய்து இறங்கிய மழையா? வாதம் பண்ணலாம். சாட்சி கிடையாது.

பாறை தண்ணீர் குடிக்குமா?

குடிக்கும். ஆலிவினும் அதன் கூட்டாளிக் கனிமங்களும் மேன்டிலில் இருக்கும்வரை உலர்ந்து கிடக்கும். பூமிக்கு மேலே வந்து தண்ணீர் பட்டால் நிலைக்காது. நீரை உள்ளே இழுத்து வேறு கனிமமாக மாறிவிடும். பச்சையும் கறுப்புமாக, பாம்புத்தோல் மாதிரி வழவழப்பாக இருப்பதால் அதற்கு செர்பென்டைன் என்று பெயர். நல்ல செர்பென்டைன் பாறையின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு தண்ணீர்தான். கையில் எடுத்தால் சொட்டு ஈரம் தெரியாது. படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும்.

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. பாறையில் உள்ள இரும்பு, தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிச்சம் ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறும். 2000-ம் ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக் கடலடியில் இதை நேரிலேயே பார்த்தார்கள். கடல் தரையில் வெள்ளைக் கோபுரங்கள், சில 60 மீட்டர் உயரம். மேன்டில் பாறையைக் கடல்நீர் மாற்றும்போது வெளிவரும் வெந்நீர் கட்டிய கோபுரங்கள் அவை. தொலைந்த நகரம் என்று பெயர் வைத்தார்கள். உயிர் முதலில் இப்படி ஒரு இடத்தில் தோன்றியிருக்கலாமோ என்று யோசிக்கிற விஞ்ஞானிகளும் உண்டு.

கிருஷ்ணன் காலத்தில் இதெல்லாம் எங்கே? கண்டங்கள் நகர்கின்றனவா இல்லையா என்பதே சண்டையாக இருந்த நேரம். 1962-ல்தான் அமெரிக்காவின் ஹாரி ஹெஸ், கடல் தரை நடுவில் பிறந்து இரு பக்கமும் விலகிப் போகிறது என்று எழுதினார். அந்தக் கடல் தரையின் பெரும்பகுதி தண்ணீர் குடித்த மேன்டில் பாறைதான் என்பதும் அவர் கணிப்பு. இரண்டாவது பாதியில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார். மெதுவாக விரியும் சில கடல்களில் மட்டும்தான் அது சரி என்று பின்னால் தெரிந்தது. முதல் பாதி உலக நிலவியலையே புரட்டிப் போட்டது.

நெல் தூற்றினால் புரியும் ஐசோடோப்

சரி, பாறைக்குள் போன தண்ணீர் கடல்நீரா மழைநீரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டெல்டாக்காரர்களுக்கு இது எளிது. களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்தால் போதும். முறத்திலிருந்து சரியும்போது பதர் காற்றோடு தள்ளிப் போய் விழும். மணி காலடியிலேயே விழும். ரெண்டும் பார்க்க நெல் மாதிரிதான். எடைதான் வேறு.

தண்ணீரிலும் இப்படி இருக்கு. ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை 16 என்ற எடை கொண்டவை. ஏறக்குறைய 500-க்கு ஒன்று மட்டும் 18. ஹைட்ரஜனிலும் அப்படித்தான், ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று இரட்டை எடை. கதிர்வீச்சு கிடையாது, ஆபத்து கிடையாது, காலத்தால் சிதைவதும் கிடையாது. அதனால்தான் நிலையான ஐசோடோப் என்கிறார்கள். கடல் ஆவியாகும்போது லேசான தண்ணீர் முந்திக்கொண்டு மேலே போகும், கனமானது பின்தங்கும். எனவே மழைநீர் கடல்நீரைவிட லேசு. வெயிலில் வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரோ நாளாக ஆகக் கனமாகிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, ஆனா கருவிக்குத் தெரியும்.

பாறை தண்ணீரைக் குடிக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. மேன்டில் பாறையின் ஆக்சிஜன், கடல்நீரோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு ஐந்தரை என்ற அளவு கனமாக இருக்கும். நல்ல சூட்டில் கடல்நீர் புகுந்திருந்தால் அந்த எண் இறங்கும். குளிர்ந்த நீர் புகுந்திருந்தால் ஏறும். தண்ணீரின் பிறப்பிடம், புகுந்தபோது இருந்த சூடு, இரண்டுமே கல்லுக்குள் பதிந்துவிடும்.

வெள்ளைக்கல்லில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அதில் உள்ள கார்பன். மேன்டிலிலிருந்து வரும் கார்பனில் கனமானது ஆயிரத்துக்கு ஐந்து போலக் குறைவு. நெல் போன்ற செடிகள் வழியாக மண்ணுக்கு வந்த கார்பனில் ஆயிரத்துக்கு இருபத்தைந்துக்கு மேல் குறைவு. கடலில் படியும் சுண்ணாம்புக்கல்லில் குறைவே இல்லை, சுழியம்தான். எனவே ஒரு வெள்ளை நரம்பைச் சுரண்டிப் பார்த்தால், அந்த கார்பன் ஆழத்திலிருந்து ஏறியதா, மேலே மண்ணிலிருந்து இறங்கியதா என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

இதற்கான அடிப்படைக் கணக்கை 1947-ல் ஹெரால்டு யூரே வெளியிட்டார். கனமான ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து 1934-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஆனா கணக்கு வேற, கல்லிலிருந்து ஆக்சிஜனைக் கறப்பது வேற. ஆக்சிஜன் கல்லோடு அவ்வளவு இறுக்கமாகக் கட்டுண்டு இருக்கும். 1963-ல் சிகாகோவில் ராபர்ட் கிளேட்டனும் தோஷிகோ மயேடாவும், ஃப்ளோரின் கலந்த ஒரு முரட்டு ரசாயனத்தால் அதைச் செய்துகாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சாதாரணப் பாறையின் ஆக்சிஜனை நம்பி அளக்க முடிந்தது.

ஒரு வருஷம் தாமதம்

கிருஷ்ணனுக்கு 1970-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 24-ம் தேதி அவர் காலமானார். வயது 71.

அடுத்த வருஷம், 1971-ல், அமெரிக்காவின் டேவிட் வென்னரும் ஹியூ டெய்லரும் செர்பென்டைன் பாறை எந்தச் சூட்டில் உருவானது என்பதை ஆக்சிஜன் ஐசோடோப் மூலம் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1973-ல் இன்னொரு ஆய்வு. கடலடியிலிருந்து எடுத்த செர்பென்டைனையும் நிலத்தில் கிடைக்கும் செர்பென்டைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். பார்வைக்கு ரெண்டும் ஒன்று. ஐசோடோப் கணக்கு வேறு. நிலத்தில் இருந்த பல பாறைகள், கரைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தந்த ஊர் மழையைக் குடித்திருந்தன!

நடுவில் 1972-ல், நிலத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட பழைய கடல் தரைத் துண்டுகளுக்கு எந்தெந்தப் பாறைகள் எந்த வரிசையில் இருக்கவேண்டும் என்று நிலவியலாளர்கள் கூடி ஒரு வரையறை செய்தார்கள். ஓபியோலைட் என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் அதற்கும் பாம்புக்கல் என்றுதான் பொருள்.

ஒன்று, இரண்டு, மூன்று வருஷ வித்தியாசம். இந்தியாவின் செர்பென்டைன்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அந்தமானிலிருந்து நாகா மலை வரை பட்டியல் போட்டு வைத்திருந்தவருக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. அவருடைய தலைமுறை இவற்றைக் கீழிருந்து ஊடுருவி ஏறிய குழம்பு இறுகிய பாறை என்றே எழுதியது. தப்பு என்று இன்று சொல்வது சுலபம். கையில் இருந்த சாட்சி அவ்வளவுதான். பட்டியல் சரியாக இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் நேராக அந்த இடத்துக்குப் போக முடிந்தது.

மணமேட்டில் கிடைத்தது என்ன?

இப்போது என்.ஜி.ஆர்.ஐ. விஷயத்துக்கு வரலாம். 2010-ல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யெல்லப்பா, செட்டி ஆகியோர் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து மணமேட்டுப் பாறைகளைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கேப்ரோ என்ற கறுப்புப் பாறை, சுவர்போல் வரிசையாக நிற்கும் டைக்குகள், இரும்பு கலந்த செர்ட் படிவு என்று ஓபியோலைட்டுக்கு உரிய உறுப்புகள் அங்கே இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு தட்டு இன்னொரு தட்டின் கீழே அமிழும் இடத்தில் உருவான கடல் தரை அது என்பது அவர்கள் முடிவு. வயது சுமார் 80 கோடி ஆண்டு. இரண்டு வருஷம் கழித்து, அதே வட்டாரத்தில் தேவனூர் பக்கம் இன்னும் பழையது ஒன்றை அறிவித்தார்கள். அதன் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு.

அப்படின்னா காவிரி ஓடும் தடம் ஒரு பழைய கடல் மூடிய தையலா? இதை எல்லாரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாகணும். அது கடல் மூடிய இடமே இல்லை, பூமியின் மேலோடு உராய்ந்து நழுவிய பெரிய பிளவுப் பட்டை மட்டும்தான் என்று வாதிடும் நிலவியலாளர்களும் இருக்கிறார்கள்.

அப்போ ஐசோடோப்பை வைத்து நேராகத் தீர்ப்பு எழுதிவிடலாமே? இங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டின் பாறைகள் பிறந்த இடத்தில் சும்மா கிடக்கவில்லை. 55 கோடி ஆண்டுக்கு முன் கண்டங்கள் மோதிக்கொண்டபோது மறுபடி ஆழத்துக்குப் போய் வெந்து வந்தவை. அந்தச் சூட்டில் முதலில் குடித்த தண்ணீர் வெளியேறியிருக்கும். பிற்பாடு ஏறிய பிறகு புதுத் தண்ணீரும் புகுந்திருக்கும். பலமுறை அழித்து எழுதிய சிலேட்டில் முதல் எழுத்தைத் தேடுகிற மாதிரிதான். அதனால் பாறையின் மொத்த ரசாயனம், சிர்க்கான் படிகங்களின் வயது, ஐசோடோப் என்று பல சாட்சிகளைச் சேர்த்துத்தான் வழக்கு நடத்த வேண்டியிருக்கு. மேலே வராத மேன்டிலையே நேரடியாகத் துளைத்து எடுப்பதும் நடக்கிறது. 2023-ல் தொலைந்த நகரத்துக்குப் பக்கத்தில் கடலடியில் 1,268 மீட்டர் துளைத்து, மேன்டில் பாறையை நீளநீளமாக எடுத்திருக்கிறார்கள். வேகாத, புரளாத பாறையில் தண்ணீரின் கைரேகை எப்படி இருக்கும் என்று தெரிந்தால், மணமேடு போன்ற இடங்களில் மிச்சமிருக்கும் தடயத்தை அதோடு ஒப்பிடலாம்.

சேலத்து வெள்ளைக்கல் ஏன் திடீரென்று பேசப்படுகிறது?

கிருஷ்ணன் கனிம வளம் என்று கணக்கெடுத்த வெள்ளைக்கல்லை இன்றைக்கு உலகம் வேறு கண்ணோடு பார்க்கிறது. மேன்டில் பாறை தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை. அதில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக் கல்லாக்கிவிடுகிறது. காற்றில் ஏறும் கார்பனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தவிக்கிற நேரத்தில், இயற்கையே அதைச் செய்து காட்டிய இடங்களில் சேலமும் ஒன்று.

டெல்டாவிலிருந்து மஸ்கட் வேலைக்குப் போனவர்கள், நகரத்துக்கு வெளியே மொட்டையாக நிற்கும் பழுப்பு மலைகளைப் பார்த்திருப்பார்கள். அது உலகிலேயே பெரிய ஓபியோலைட்களில் ஒன்று. அந்த மலை சும்மா நின்றபடியே ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் டன் வரை கார்பன் டை ஆக்சைடைக் கல்லாக்குகிறது என்று 2008-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. அதை வேகப்படுத்த முடியுமா என்று அங்கே சோதனைகள் நடக்கின்றன. எந்தத் தண்ணீர், எந்தச் சூட்டில், எந்த கார்பனைக் கொண்டுவந்து கல்லாக்கியது என்பதை அங்கேயும் ஐசோடோப்தான் சொல்கிறது. மழைநீரா, ஆழத்து நீரா என்பது இந்த இடத்தில் வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. சாதாரண மழைநீரும் குறைந்த சூடும் போதும் என்றால் செலவு குறையும். ஆழத்துச் சூடு வேண்டும் என்றால் கதையே வேறு.

சேலத்தில் நடப்பதோ தலைகீழ். வெள்ளைக்கல்லை வெட்டி, சூளையில் வேகவைத்துத்தான் உலைச் செங்கல்லுக்கான மெக்னீசியம் ஆக்சைடை எடுக்க முடியும். சுத்தமான மாக்னசைட் 1,000 கிலோவைச் சுட்டால் கையில் நிற்பது சுமார் 480 கிலோ. மீதி 520 கிலோ, அந்தப் பாறை எத்தனையோ காலத்துக்கு முன் பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடு. அது புகைபோக்கி வழியாகத் திரும்பக் காற்றுக்கே போகிறது.